நாலரை கிலோ ஈயமும் மூன்று செர்ரிப் பழங்களும்

போன மாதம் மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த கடைக்குச் சும்மா டீ குடிக்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கால் தானாக அந்தப் பக்கம்தான் திரும்புகிறது. உள்ளே ஒரு மின்சாரக் கார் லிஃப்டில் ஏறி நின்றது. அதன் சக்கரத்தை இரண்டு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்கி பேலன்சிங் மெஷினில் மாட்டினார்கள். காரின் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இவ்ளோ கனமா இருக்கே, இதனால வண்டிக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார். மெஷினில் நின்றவர் திரையைக் காட்டினார். "பாருங்க சார். சைபர், சைபர். பக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்க்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் கேட்டது நல்ல கேள்வி. திரை சொன்ன பதில்தான் அந்தக் கேள்விக்கானது இல்லை. இதே சைபரை நம்பி ஒரு அம்மாவின் பிழைப்பை நான் கெடுக்க இருந்தேன். அந்தக் கதையை டீ ஆறுவதற்குள் சொல்ல முடியாது. எங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், டெக்னிக்கலாக வேண்டாம், அனுபவமாக இருக்கட்டும் என்று செயலாளர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். டெக்னிக்கல் இல்லாமல் சக்கரம் எப்படிச் சுற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்தவரை பார்க்கிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். முதலில் பஞ்சர் கடை, பிறகு டயர் கடை, அப்புறம் சக்கரங்களின் கோணம் பார்த்துச் சரிசெய்கிற இந்த வீல் அலைன்மென்ட் கடை. மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் படித்தேன். அட்டை கிழிந்ததுதான் மிச்சம் என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். கொஞ்சம் மண்டையிலும் மிஞ்சியது. பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

உண்மையில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் வண்டி கொண்டு வந்தவர்கள். வண்டிக்கு என்ன நோய் என்று அவரவர் சொல்லுகிற அழகு இருக்கிறதே, அதற்காகவே நான் காலையில் சீக்கிரம் கடைக்கு வருவேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிகிற வண்டியைப் பற்றி ஒரு காய்கறி வியாபாரி, "போறவன் வர்றவனுக்கெல்லாம் வணக்கம் வைக்குதுப்பா" என்றார். ஒரு பக்கமே இழுக்கிற காரை ஒரு அம்மா, "நான் வேணாம்னாலும் மாமியார் வூட்டுப் பக்கமே போவுது" என்றார். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் சொன்னதுதான் என் மனதில் ஒட்டிக்கொண்டது. "ஸ்டீயரிங் சொன்ன பேச்ச கேக்குது தம்பி. ஆனா யோசிச்சிட்டுத்தான் கேக்குது." அன்றைக்கு அதன் பொருள் எனக்குப் பிடிபடவில்லை. அலைன்மென்ட் பார்த்தேன், சரியாக இருந்தது, அனுப்பிவிட்டேன். அவர் புதிதாகப் பெரிய வீல் மாட்டியிருந்தார் என்பது மட்டும் நினைவில் நின்றது.

எங்கள் ஃபோர்மேன் தேவராஜ் சார். ஒல்லியான ஆள். கிரீஸ் கடையிலும் மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் ஒரு சிவப்புப் பேனா. குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேனாவின் மூடியைத் திறப்பார், அவ்வளவுதான். வண்டி உள்ளே வந்ததும் அவர் வண்டியைத் தொடமாட்டார். வண்டிக்காரரை உட்கார வைத்து என்ன செய்கிறது என்று கேட்பார். சொல்லி முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். அதற்கப்புறம் மூன்றாவது தடவையும் கேட்பார். "என்ன சார், காது மந்தமா?" என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். "ஆமாங்க, கொஞ்சம்" என்றார் சார், சிரிக்காமல். முதல் தடவை ஆட்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்வார்கள், அடுத்த தடவை தாங்களாக யோசித்ததைச் சொல்வார்கள், உடம்புக்குத் தெரிந்தது மூன்றாவது தடவைதான் வாய்க்கு வரும் என்பது அவர் கணக்கு.

இன்னொரு சட்டம் ஜாப் கார்டு. வண்டியோடு சேர்ந்து கடைக்குள் சுற்றுகிற அந்த அட்டையில் மேலே 'குறை' என்று ஒரு கட்டம், அடியில் 'டெலிவரியின்போது சொன்னது' என்று ஒரு கட்டம். இரண்டிலும் வாடிக்கையாளர் வாயில் வந்ததை அப்படியே எழுத வேண்டும். நம்ம பாஷையில் 'வைப்ரேஷன்' என்று எழுதினால் சிவப்புப் பேனா திறக்கும். "இது யார் சொன்னது? அவங்களா, நீயா?" ஆட்கள் சொல்வதை ரசிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. ரசிப்பது வேறு, எழுதுவது வேறு. அந்தக் கேள்வியை நான் வாங்காத மாதம் இல்லை.

இனி ஜெசிந்தா மேடம். அஸ்தினாபுரத்துக்காரர். வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். பிறந்தநாள், ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் செய்வார். அடுக்கு கேக்கைத் தன் சின்னக் காரின் டிக்கியில் வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு போய் மண்டபத்தில் இறக்குவார். கடையோ போர்டோ கிடையாது. முழுசாகப் போய்ச் சேர்ந்த கேக்தான் அவருக்கு விளம்பரம்.

முடிச்சூரில் வெள்ளம் புகுந்த வருஷத்துக்கு மறுவருஷம் என்று நினைக்கிறேன், அவர் கணவர் தன் பிறந்தநாளுக்குக் காருக்கு அலாய் வீல், அதாவது அலுமினியத்தில் வார்த்த வீல், மாட்ட ஆசைப்பட்டார். பதினாலு இஞ்ச் இரும்பு வீலைக் கழற்றிவிட்டுப் பதினாறு இஞ்ச் அலாய், அதற்கேற்ற மாதிரி ஓரம் ஒல்லியான அகல டயர். மேடத்துக்கு மனசில்லை. வண்டி நல்லாத்தானே போகுது என்று இழுத்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அலாய்னா லைட் வெயிட் மேடம். வண்டி பூ மாதிரி போகும்."

அலாய் என்றால் லேசு என்று எங்கள் கடையில் எல்லாரும் சொல்வோம். எங்கள் தெருவே சொல்லும். யாரும் தூக்கிப் பார்த்ததில்லையா என்று கேட்கலாம். தினமும் தூக்கினோம். முதுகு வலிக்கத் தூக்கிக்கொண்டேதான் லேசு என்று சொன்னோம். சாப்பிடும்போது கதை கேட்கிற பிள்ளை மாதிரி, கை ஒரு வேலை, காது ஒரு வேலை.

கணவர் கொஞ்சம் சிக்கனக்காரர். பழைய நாலு சக்கரத்தையும் டயரோடு வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து மேடம் வந்தார். ஒரு ஞானஸ்நான கேக் வழியிலேயே விரிசல் விட்டுவிட்டது, பின்பக்கம் ஏதோ சரியில்லை என்று ஆரம்பித்தார். தேவராஜ் சார் அன்று லீவு. நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டேன், ஒரே தடவை. வண்டிக்கு ஐந்து வயது, குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர் போகிற வயசுதான். எழுந்து வந்து அட்டையில் 'பின்பக்கம் ஷாக் வீக்' என்று எழுதினேன். இரண்டையும் மாற்றினேன். நாலு சக்கரத்தையும் மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். சைபர், சைபர். காற்றும் சரி. இனி கவலைப்படாதீர்கள் என்று அனுப்பி வைத்தேன்.

அடுத்த கேக்கும் உடைந்தது. இந்தத் தடவை முடிச்சூரில் ஒரு புது வீட்டுக்கு. மேலடுக்கு சரிந்து கீழடுக்கின் க்ரீமுக்குள் உட்கார்ந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேடம் கடைக்கு வந்தார். சத்தம் போடப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். போடவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

சனிக்கிழமை காட்டாங்குளத்தூரில் ஒரு கல்யாணம். மூன்றடுக்கு கேக். அவருக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. செய்கிறேன், அல்லது வேறு ஆளைப் பாருங்கள் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பேக்கிங் சரியில்லை என்கிறார் கணவர். க்ரீம் தளர்ந்துவிட்டது, முன்ன மாதிரி இல்லை என்கிறார் நாத்தனார்.

"வண்டியத்தான் நீங்க சரி பண்ணிட்டீங்களே அண்ணா. அப்போ மிச்சம் என் கைதானே" என்றார். "பதினோரு வருஷமா பண்றேன். கை போயிடுச்சு போல. சனிக்கிழமையும் உடைஞ்சா இதோட விட்டுடுவேன்."

தேவராஜ் சார் பழைய ஜாப் கார்டைத் தேடி எடுத்தார். படித்தார். பேனா திறந்தது.

"பின்பக்கம் ஷாக் வீக். செல்வம், இது யார் சொன்னது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேடத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்லுங்கம்மா, வண்டி என்ன பண்ணுது?" என்றார்.

முதல் தடவை, ஷாக் அப்சார்பர் என்றார். நான் அவர் வாயில் வைத்த வார்த்தை அது. அடுத்த தடவை ரோடு மோசம், எல்லாரும் தோண்டிப் போடுகிறார்கள் என்றார். மூன்றாவது தடவை உள்ளங்கையைக் கேக் தட்டு மாதிரி விரித்து, அதை மெதுவாக நடுங்கவிட்டுக் காட்டினார்.

"ஸ்பீட் பிரேக்கர்ல ஒண்ணுமே இல்ல சார். ஏறி இறங்குறது எப்பவும் போலத்தான். குழாய் பதிச்சு ஒட்டுப் போட்ட ரோடு இருக்குல்ல, சின்னச் சின்னதா வருமே, அதுலதான். முன்னெல்லாம் வண்டி ஒரு அடி வாங்கும், மறந்துடும். இப்ப மறக்க மாட்டேங்குது. முதல் அடிய முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது."

சார் புது அட்டையில் எழுதினார்: அடி வாங்கினா மறக்க மாட்டேங்குது. எழுதிவிட்டு என்னிடம், ஷாக் போயிருந்தால் எங்கே தெரியும் என்று கேட்டார். ஸ்பீட் பிரேக்கரில்தான் தெரியும். இறங்கின பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். மேடம் சொல்வது அதற்கு நேர் எதிர். முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார். நான் பாதியிலேயே எழுதி முடித்திருந்தேன்.

"வீல் எவ்ளோ வெயிட்?" என்றார் சார்.

"அலாய் சார். லைட்."

"எவ்ளோன்னு கேட்டேன்."

அத்தனை வருஷம் சக்கரம் கழற்றி மாட்டிய எனக்கு ஒரு சக்கரத்தின் எடை தெரியாது. கடையில் யாருக்குமே தெரியாது. எங்களிடம் தராசே கிடையாது. பேலன்சிங் மெஷின் இருக்கிறதே என்றால், அது சக்கரத்தின் எடையைப் பார்ப்பதில்லை. சுற்றும்போது ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலா என்று மட்டும்தான் பார்க்கிறது. ஒரு திருகைக் கல்லைக் கொண்டுபோய் மாட்டினாலும், வட்டம் சமமாக இருந்தால் சைபர் என்றுதான் சொல்லும்.

ஆகவே பக்கத்துக் கடை காதர் பாய். பழைய பேப்பர், பழைய இரும்பு எடைக்கு எடுப்பவர். ஒரு அலாய் சக்கரத்தை டயரோடு உருட்டிக்கொண்டு போனேன்.

"இன்னா செல்வம், புச்சா கீது, இத்தப் போயி எடைக்குப் போட இட்டாந்துகினு கீற?"

போடவில்லை பாய், பார்க்கத்தான் என்றேன். பதினெட்டரை கிலோ காட்டியது. மேடம் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்ப் பழைய சக்கரங்களைக் கொண்டு வந்தார். மாடிப்படிக்கு அடியில் கிடந்தனவாம். அவற்றின் மேல்தான் காலி கேக் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தாராம். இரும்பு வீல், டயரோடு சேர்த்துப் பதினாலு கிலோ.

காதர் பாய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இரும்பு லேசு, அலுமினியம் வெயிட்டு. இத்த நான் சொல்லிருந்தா திருட்டுத் தராசுன்னு கட்டி வெச்சி உதச்சிருப்பீங்க" என்றார்.

அலுமினியம் லேசான உலோகம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் மலிவாக வார்க்கிற வீலில் உறுதிக்காகத் தடிமனைக் கூட்டிவிடுகிறார்கள். அளவும் இரண்டு இஞ்ச் பெரிது, டயரும் அகலம். எல்லாம் சேர்ந்து ஒரு சக்கரத்துக்கு நாலரை கிலோ கூடிவிட்டது.

எனக்கு அப்போதும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நாலரை கிலோதானே சார், கேக்கே பன்னிரண்டு கிலோ இருக்கும், டிக்கியில் நாலரை கிலோ அரிசி வைத்தால் வண்டிக்குத் தெரியவா போகிறது என்றேன்.

"டிக்கில வச்சா தெரியாது" என்றார் சார். "ரெண்டு கிலோ அரிசியப் பையில போட்டுத் தோள்ல மாட்டிக்கிட்டு தாம்பரம் ஸ்டேஷன் படி ஏறு. அப்புறம் அதே அரிசியக் கால்ல ஒவ்வொரு கிலோவா கட்டிக்கிட்டு ஏறு. ஏறிட்டு வந்து என்கிட்ட பேசு."

காரில் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற எடை வேறு, கீழே இருக்கிற எடை வேறு. மேலே இருப்பவை எல்லாம், சீட்டும் நாமும் கேக்கும், ஸ்பிரிங்மேல் சொகுசாக உட்கார்ந்து வருகின்றன. ரோட்டோடு நேராக மல்லுக்கட்டுவது சக்கரம். ஒரு சின்ன மேட்டில் எகிறிய சக்கரத்தை ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து உடனே கீழே தள்ளி ரோட்டில் உட்கார வைக்க வேண்டும். லேசான சக்கரம் சட்டென்று அடங்கும். கனமான சக்கரம் எகிறினால் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வர நேரமாகும், வரும்போது வலுவாக விழும். அதற்குள் அடுத்த மேடு வந்து நிற்கும். அந்தச் சண்டையின் மிச்சம்தான் நடுக்கமாக மேலே போகிறது. சக்கரம் அந்தரத்தில் இருக்கிற நேரம் டயருக்கு ரோட்டில் பிடி இல்லை. ஆகவே வளைவிலும் பிரேக்கிலும் நம்பிக்கை குறையும். கனச் சக்கரம் கிளம்பச் சோம்பல்படும், நிற்கச் சோம்பல்படும், திரும்பவும் சோம்பல்படும். யோசித்துவிட்டுத்தான் கேட்கிறது என்று ரயில்வே கார்டு சொன்னாரே, அது இதுதான். அவர் எனக்கு நோயையே சொல்லியிருக்கிறார், நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் டெக்னிக்கலாகிவிட்டது. செயலாளர் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. டயரின் ஓரமும் ஒல்லியாகிவிட்டது அல்லவா, காற்று மெத்தை குறைந்த கோளாறாகவும் இருக்கலாமே என்று கேட்டேன். தேவராஜ் சார் முதல் தடவையாகப் பேனாவை மூடினார்.

"நல்ல கேள்வி. ரெண்டையும் எப்படிப் பிரிப்ப?"

காதர் பாய்தான் தெரியாமல் வழி காட்டினார். "அந்த ஈய டப்பாவ எப்பதான் தரப் போற நீ?" என்று அவர் பாட்டுக்கு ஞாபகப்படுத்தினார். சக்கரத்தை பேலன்ஸ் செய்யும்போது ரிம்மில் ஒட்டுவோமே, சின்னச் சின்ன ஈயத் துண்டுகள், அவற்றில் கழற்றிய பழசையெல்லாம் ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். வருஷத்துக்கு ஒரு முறை அவருக்குப் போடுவது. நான் டப்பாவைப் பார்த்தேன், பழைய இரும்பு வீலைப் பார்த்தேன். அதே பழைய டயர், அதே பழைய வீல், உள்ளுக்குள் ஈயத்தை மட்டும் ஒட்டி எடையை ஏற்றினால்?

சார் மேஜை டிராயரிலிருந்து இரட்டை ஒட்டு டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

புதன்கிழமை காலை முழுக்க அதுதான் வேலை. பழைய சக்கரம் நாலில் இரண்டை எடுத்து, ரிம்மின் உள்வட்டத்தில் வரிசை வரிசையாக ஈயத்தை ஒட்டினேன். மேலே டேப்பை இறுக்கிச் சுற்றினேன். காதர் பாய் தராசில் இரண்டும் பதினெட்டரை கிலோ வரும்வரை விடவில்லை. பிறகு மெஷினில் மாட்டினேன். நாலரை கிலோ ஈயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு சக்கரம் சுற்றுகிறது. மெஷின் சொல்கிறது: சைபர், சைபர்.

சோதனைக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் வைக்கலாம் என்று நான் சொன்னேன். மேடம் வேண்டாம் என்று தலையாட்டினார். தண்ணி ஆடுற மாதிரி கேக் ஆடாது அண்ணா என்றார். மூன்று கிண்ணத்தில் கடல்பாசி ஜெல்லி உறைய வைத்துக் கொண்டு வந்து, ஒரு தட்டில் குன்று குன்றாகக் கவிழ்த்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு செர்ரிப் பழம் வைத்தார். எத்தனை செர்ரி விழுகிறது என்பதுதான் கணக்கு.

முடிச்சூரில் புது பிளாட்டுகளுக்கு நடுவே ஒரு ரோடு. குழாய் பதித்த ஒட்டுகள் குறுக்கே குறுக்கே போய்க்கொண்டிருக்கும், துணி துவைக்கிற கல் மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதே ரோடு, அதே முப்பத்தைந்து வேகம், ஓட்டுவது மேடம். முன்பக்கச் சக்கரங்களைத் தொடவில்லை. டிக்கிக்குக் கீழே இருக்கிற பின்பக்கம் மட்டும் மாற்றினோம். நான் பின் சீட்டில் திரும்பி முட்டிபோட்டு உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதையும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார் சார். ஒரு தடவை நடந்தால் அவருக்குக் கணக்கில் இல்லை.

அலாய் சக்கரத்தில் முதல் ஓட்டத்தில் இரண்டு செர்ரி விழுந்தது. அடுத்த ஓட்டத்திலும் இரண்டு, மூன்றாவது சாய்ந்து நின்றது. ஈயம் ஒட்டாத பழைய சக்கரத்தில் இரண்டு தடவையும் மூன்றும் அப்படியே இருந்தன. கடல்பாசி ஆடியது, அடங்கியது, பழம் இடத்தைவிட்டு நகரவில்லை.

அடுத்தது ஈயம். வெளியே நின்று பார்த்தால் ஈயம் ஒட்டிய பழைய சக்கரமும் ஒட்டாததும் ஒரே மாதிரிதான். டேப் எல்லாம் உள்பக்கம். மேடம் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி நின்று போனில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தபோது சார் சைகை காட்டினார், நான் மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கம்மா என்று மட்டும் சொன்னார் சார்.

நாலாவது ஒட்டுக்கூடத் தாண்டியிருக்காது. ஓட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அண்ணா, என்ன பண்ணீங்க? பழைய வீல்தானே இது? மறுபடியும் மறக்க மாட்டேங்குது."

அப்போது ஒரு செர்ரிகூட விழுந்திருக்கவில்லை. ரோடு முடியும்போது ஒன்று விழுந்தது. அடுத்த ஓட்டத்தில் இரண்டு. அலாய் அளவுக்கு மோசமில்லை, ஆகவே நான் சந்தேகப்பட்ட ஒல்லி ஓரத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு எடைக்குத்தான். மேடம் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு உடனே கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, கேக் நான்தான் பண்றேன் என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த வீலும் காதர் பாய் தராசில் ஏறிய பிறகுதான் விற்பனைக்கு. எடையைச் சுண்ணக்கட்டியால் ரிம்மிலேயே எழுதி வைப்போம். மேடத்தின் கணவர் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, தராசில் தானே நின்று பார்த்து, டயர் இல்லாமல் ஏழு கிலோகூட வராத ஒரு பதினாலு இஞ்ச் அலாயை வாங்கிப் போனார். டிசைனும் பூ இதழ்தான். போன மாதம் பார்த்த மின்சாரக் கார்க்காரருக்கும் நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: அந்தக் கனத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் ஷாக்கும் வைத்துத்தான் வண்டியைக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் வீலை மாற்றும் நாளில் எடையைக் கேளுங்கள். மெஷினிடம் கேட்காதீர்கள், தராசிடம் கேளுங்கள்.

சனிக்கிழமையை முடிக்காமல் எங்கோ போய்விட்டேன். ஈயத்தையெல்லாம் உரித்துப் போட்டு நாலு பழைய சக்கரத்தையும் வெள்ளிக்கிழமையே மாட்டியாயிற்று. சனிக்கிழமை காலை தேவராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போ. பூ மாதிரி போகும்னு சொன்னவன் நீதானே" என்றார். ஜாப் கார்டை என் சட்டைப் பாக்கெட்டில் அவரே மடித்து வைத்தார்.

மேடம் ஓட்டினார். நான் பின்னால். டிக்கியில் மூன்றடுக்கு வெள்ளைக் கேக், அடியில் ஈரத் துணி. பெருங்களத்தூருக்கு அப்புறம் ஒட்டு ரோடு வந்தது. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை ஒரு குலுங்கு குலுங்கியது, நின்றது. அடுத்த ஒட்டுக்கு இன்னொரு குலுங்கல், நின்றது. நான் திரும்பிக் கேக்கைப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

மண்டபத்தில் டிக்கியைத் திறந்தார். ஒரு சர்க்கரைப் பூ மட்டும் கழன்று அடித் தட்டில் கிடந்தது. அதை எடுத்துத் துளி க்ரீம் வைத்து இருந்த இடத்திலேயே ஒட்டினார். பிறகு குனிந்து, மூன்று அடுக்கையும் சுற்றிச் சுற்றி ரொம்ப நேரம் பார்த்தார். நான் பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்தேன்.

"மேடம், எழுதணும். என்ன சொல்றீங்க?"

நல்லா இருக்குன்னு எழுதிக்கோங்கண்ணா என்றார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சிரித்துவிட்டு, வண்டி நல்லாப் போகுது என்றார்.

மூன்றாவது தடவையும் கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை போகலண்ணா" என்றார்.

அதை எழுதினேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை தேவராஜ் சார் அந்த அட்டையை வாங்கி அடிக்கட்டத்தைப் படித்தார். பேனா பாக்கெட்டிலேயே இருந்தது. இது யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.